ரஷ்யா ஆர்டரும் நம்ம பாலாறும்

மாஸ்கோவில் ஓர் அரசு கவிழ்ந்தால் ஆம்பூரில் அடுப்பு அணையுமா? அணைந்தது என்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். "ரஷ்யா ஆர்டர் நின்னு போச்சு" என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவன் நான். சோவியத் யூனியன் கலைந்த 1991ல்தான் பிறந்தேன். இந்தக் கல்லூரியை விட்டுப் போய், கழிவுநீர் சுத்திகரிப்பில் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்த பிறகே அந்தப் பேச்சின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

1953ல் இந்தியாவும் சோவியத்தும் வர்த்தக ஒப்பந்தம் செய்தன. பின்னர் டாலர் இல்லாமல் ரூபாயிலேயே கொடுக்கல் வாங்கல் நடந்தது. எண்ணெய்க்கும் ஆயுதத்துக்கும் நாம் கொடுத்த ரூபாயில் அவர்கள் தேயிலை, துணி, தோல், ஷூ அப்பர் என்று வாங்கினார்கள். வாங்கியவர் கடைக்காரர் அல்ல, அரசாங்கம்! 1990-91ல் இந்திய ஏற்றுமதியில் சுமார் 16 சதவீதம் அங்கே போனது. அந்த அரசாங்கமே இல்லாமல் போனதும் இரண்டு வருஷத்தில் அது சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. பழைய கடன் கணக்கைத் தீர்க்க 1993 ஜனவரியில் யெல்ட்சின் டெல்லிக்கு வர வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அந்த நாடுகள் தங்களை எப்படி ஆண்டுகொண்டன? நாம் படிக்க வேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது.

ரஷ்யா 1992 ஜனவரி 2ஆம் தேதி விலைக் கட்டுப்பாட்டை எடுத்தது. அந்த ஒரே வருஷத்தில் விலைவாசி இருபது மடங்குக்கு மேல் ஏறி, ஜனங்களின் சேமிப்பு கரைந்தது. அரசு ஆலைகளில் பங்கு தருகிறோம் என்று தலைக்கு 10,000 ரூபிள் வவுச்சர் கொடுத்தார்கள். கஷ்டத்தில் இருந்தவர்கள் அதை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். 1995ல் பெரிய எண்ணெய், நிக்கல் கம்பெனிகள் ஒரு சில வங்கி முதலாளிகள் கைக்குப் போயின. சட்டம் இருந்தது. அதை நடத்தும் நீதிமன்றமும், கேள்வி கேட்கும் அமைப்பும் வலுவாக இல்லை.

போலந்தும் 1990 ஜனவரி 1ல் விலையைத் திறந்துவிட்டது. அங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் வந்தது. ஆனால் அதே வருஷம் மே மாதத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடத்தி, ஊர் நிர்வாகத்தை ஊராரிடம் கொடுத்தார்கள். பெரிய ஆலைகளை விற்பதில் அவசரப்படவில்லை. மேலை நாடுகள் கடனில் பாதியைத் தள்ளுபடி செய்ததும் கைகொடுத்தது. 2004ல் போலந்து ஐரோப்பிய யூனியனில் சேர்ந்தது. கொள்கை ஏறக்குறைய ஒன்றுதான். அதை நடத்திய கைகள்தான் வேறு.

சரி, நம்ம கதை என்ன? தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974லேயே வந்துவிட்டது. இருந்தும் டேனரிக் கழிவு பாலாற்றிலும் கிணறுகளிலும் கலந்தது. ரஷ்யா ஆர்டர் நின்ற அதே 1991ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பு. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்றது கோர்ட். டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனாலும் 2025 ஜனவரியில் பாலாறு பற்றி அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. இருபத்தெட்டு வருஷம்! 1974 சட்டத்தின் வாசகத்தில் என்ன குறை? அதைத் தினமும் நடத்த வேண்டிய கைகள் தளர்ந்து கிடந்ததுதான் குறை.

மாணவத் தம்பி, தங்கைகளே! உங்களில் பலர் நாளை அதிகாரியாகலாம், ஆலை நடத்தலாம், வார்டு கவுன்சிலராகலாம். சட்டம் போட்டாச்சு என்பதோடு வேலை முடிந்துவிடாது. மீட்டரை யார் பார்க்கிறார்கள், கணக்கை யார் கேட்கிறார்கள், கேட்டவருக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ரஷ்ய ஜனங்கள் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம் இது. நம் பாலாறும் அதே விலையைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறது.