காத்தாடி ரோட்டில் கார் ராலி

நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். இது எல்லாருக்கும் தெரியும். அவருடைய அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை ஜெயித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. மகன் பெயர் வாங்கியது வழவழப்பான டிராக்கில், அப்பா பெயர் வாங்கியது ராலியில்.

தார் ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் ஓடுகிற பந்தயங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இதில் வண்டி கிடைப்பதைவிடக் கஷ்டமான விஷயம் இடம் கிடைப்பது. நம்ம பக்கத்தில் அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்று பார்த்தால், கதை பஞ்சு மில்லில் தொடங்கி தேய்மானக் கணக்கு வரை போகிறது!

முதலில் வகைகளைப் பார்த்துவிடலாம்.

மோட்டோகிராஸ்: மேடு பள்ளமான மண் டிராக்கில் எல்லா பைக்கும் ஒரே நேரத்தில் கிளம்பும். 1924ல் இங்கிலாந்தில் கேம்பர்லியில் நடந்த ‘ஸ்கிராம்பிள்’ பந்தயம்தான் இதற்கு ஆரம்பம். ஸ்டேடியத்துக்குள் மண்ணைக் கொட்டி நடத்தினால் அது சூப்பர்கிராஸ். இரண்டுக்கும் ஒரு மைதானம் போதும்.

ஆஃப்-ரோடு டிரையல்: இதில் வேகம் முக்கியமில்லை. ஜீப்பை சேற்றிலும் பாறையிலும் ஏற்றி இறக்க வேண்டும். மலேசியாவில் 1997ல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச், 2014ல் கோவாவுக்கும் வந்தது.

ராலி ரெய்டு: நாள் கணக்கில் பாலைவனத்தில் வழி கண்டுபிடித்து ஓடுவது. பெரிய உதாரணம் டக்கார். முதல் டக்கார் 1978 டிசம்பர் 26ல் பாரிஸில் கிளம்பியது. 2015ல் பெங்களூரின் சி.எஸ். சந்தோஷ் அதை ஓட்டி முடித்த முதல் இந்தியர். 2024ல் கேரளாவின் ஹரித் நோவா, ஷெர்கோ டிவிஎஸ் அணியின் பைக்கில் ‘ராலி 2’ பிரிவையே ஜெயித்தார். அந்த டிவிஎஸ் நம்ம ஓசூர் கம்பெனிதான்.

டக்காருக்கே இடப் பிரச்சினை வந்ததுண்டு. பாதுகாப்பு மிரட்டலால் 2008ல் பந்தயம் ரத்தானது. அடுத்த வருஷம் தென் அமெரிக்காவுக்குப் போனது, 2020ல் சவூதிக்கு மாறியது.

கடைசியாக ராலி. இதில் கார்கள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கிளம்பும். மூடப்பட்ட ‘ஸ்பெஷல் ஸ்டேஜ்’ பாதையில் முழு வேகம், அங்கே எடுத்த நேரத்தைக் கூட்டித்தான் வெற்றி. ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்த ஸ்டேஜுக்குப் பொது ரோட்டில் போகும்போது, அதே ராலி கார் சிக்னலில் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அடுத்த வளைவு எப்படி என்று முன்பே எழுதி வைத்ததைப் பக்கத்து சீட்டில் கோ-டிரைவர் வாசித்துக்கொண்டே வருவார்.

ராலிக்குப் பல கிலோமீட்டர் ரோடு வேண்டும், அதில் ஆளே இருக்கக் கூடாது. நம்ம நாட்டில் அப்படி ஒரு ரோட்டுக்கு எங்கே போவது? ஊர் ரோட்டை மூடினால் பால் கொண்டு போகிறவர் எந்தச் சந்தில் வருவார் என்று சொல்ல முடியாது. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் நடந்த தேசிய ராலியில் இதுதான் நடந்தது. ஸ்டேஜுக்குள் வந்துவிட்ட ஒரு பைக் மீது ராலி கார் மோதி, ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்து போனார்கள்.

இப்போது நம்ம பக்கத்துக்கு வருவோம். தேசிய ராலியின் கோவை சுற்றில் பல ஸ்டேஜ்கள் பல்லடம் தாலுகா கேத்தனூர் பக்கம் காத்தாடிகளுக்கு நடுவே போகும் மண் பாதைகளில் ஓடியிருக்கின்றன. காத்தாடி என்றால் காற்றாலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அந்தப் பக்கம் நன்றாக அடிக்கும். கோபுரத்தையும் இறக்கையையும் கொண்டு வர நீள டிரெய்லர் வேண்டும், தூக்கி நிறுத்த கிரேன் வேண்டும். அதற்காகக் காட்டுக்குள் ஒவ்வொரு காத்தாடிக்கும் ரோடு போட்டார்கள். இட்டேரி மாதிரிக் குறுகலாக இல்லாமல், அகலமான மண் ரோடு. வேலை முடிந்தபின் அதில் அதிகமாக யாரும் போவதில்லை.

காத்தாடி போட்டவர்களில் நிறையப் பேர் மில் முதலாளிகள். அந்தக் கரண்டை ஈ.பி. லைனில் அனுப்பி, மில்லின் பில்லில் கழித்துக்கொள்ளலாம். அதோடு வருமான வரியில் தேய்மானச் சலுகையும் இருந்தது. 2012 மார்ச் வரை 80 சதவீதம். 5 கோடிக்குக் காத்தாடி போட்டால் முதல் வருஷமே 4 கோடியைச் செலவாகக் காட்டலாம். 30 சதவீத வரி என்றால் 1.2 கோடி கையில் நிற்கும். 180 நாளாவது ஓடியிருக்க வேண்டும், இல்லையென்றால் சலுகை பாதிதான். இது வரித் தள்ளுபடி இல்லை, வரியைத் தள்ளிப்போடுவது. ஆனாலும் கையில் நிற்கிற பணம் பணம்தானே! பிறகு 2012 ஏப்ரலில் 15 ஆகக் குறைத்து, 2014ல் மறுபடி 80 ஆக்கி, 2017 ஏப்ரலில் 40 ஆக்கினார்கள்.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். லாபம் இருக்கிறவருக்குத்தான் தேய்மானத்தால் லாபம். நம்ம சோமனூரில் கூலிக்கு நெய்கிற தறிக்காரருக்கு வரி கட்டுகிற அளவு வருமானமே இல்லை, அவர் எதைக் கழிப்பது? பவர் கட் காலத்தில் மில்லுக்குக் காத்தாடிக் கணக்கு கைகொடுத்தது, தறி சும்மா நின்றது. ராலியும் அதே மாதிரிதான். காரும் டயரும் மெக்கானிக்கும் சொந்தக் காசில் வைத்துக்கொள்ள முடிந்த வீட்டிலிருந்துதான் ஓட்டுநர்கள் வந்தார்கள். பணக்காரர் விளையாட்டு, பணக்காரர் போட்ட ரோட்டில்.

இருந்தாலும் ஆள் நடமாட்டம் குறைந்த ரோட்டில் ராலி ஓடுவது நல்லதுதான். பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள். சறுக்குகிற கார் அந்தப் பக்கம்தான் போகும். டேப்புக்குப் பின்னால் மேட்டில் நின்று பாருங்கள். புழுதி எப்படியும் உங்களைத் தேடி வரும்.