மஸ்டா மியாட்டாவில் வி8 இன்ஜின்: வீட்டு ஷெட்டிலேயே மாத்த முடியுமா?

1989-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மஸ்டா மியாட்டாவில் இருந்தது 1.6 லிட்டர், 116 ஹெச்பி இன்ஜின். அதைக் கழட்டிட்டு, 1997 கார்வெட்டில் வந்த 5.7 லிட்டர் 'எல்எஸ்1' வி8-ஐ வீட்டு ஷெட்டிலேயே மாட்டுறவங்க அங்கே உண்டு. பவர் 345 ஹெச்பி. கிட்டத்தட்ட 3 மடங்கு!

ஏன் எல்எஸ்1?
அலுமினிய பிளாக் என்பதால் எடை குறைவு. கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் ஹெட் சின்னது. குறுகலான இடத்திலும் அடங்கிடும்.

இன்ஜின் மட்டும் போதுமா?
போதாது. சப்ஃப்ரேம், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ரேடியேட்டர் எல்லாத்தையும் மாத்தணும். பழைய பிரேக்கோடு ஓட்டினா உயிருக்கே ஆபத்து.

சட்டம் என்ன சொல்லுது?
கலிஃபோர்னியாவில் மாட்டும் இன்ஜின், காரின் மாடல் ஆண்டுக்கு முந்தையதா இருக்கக் கூடாது. அந்த இன்ஜினுக்குரிய புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் முழுசா இருக்கணும்.