இறைச்சிக் குழம்பின் பெயர் பெற்ற அழுகை



உலக இசை வரலாறு என்று நாம் படிப்பவற்றில் பெரும்பகுதி அமெரிக்க விற்பனைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டதே. அந்த அளவுகோல் எதை மறைக்கிறது என்பதற்கு ஒரு பாடலை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

1960இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்படிக்கையைப் புதுப்பிப்பதை எதிர்த்து ஜப்பானியர் இலட்சக்கணக்கில் வீதிக்கு வந்தனர். தங்கள் மண்ணில் அமெரிக்கப் படைத்தளங்கள் நீடிப்பதை அவர்கள் விரும்பவில்லை. ஜூன் 15 அன்று தோக்கியோ நாடாளுமன்ற வளாகத்தில் காவலர்களோடு நிகழ்ந்த மோதலின்போது கன்பா மிச்சிகோ என்னும் பல்கலைக்கழக மாணவி உயிரிழந்தார். ஆயினும் உடன்படிக்கை நிறைவேறியது.

அப்போராட்டங்களில் பங்குகொண்ட பாடலாசிரியர் ரொகுசுகே ஏய், தோற்று வீடு திரும்பிய நாள்களின் துயரைப் பாடலாக்கினார். கண்ணீர் கீழே விழாதிருக்க முகத்தை உயர்த்தியபடி ஒருவன் தனியே நடக்கிறான். உடன்படிக்கையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. துயரம் மட்டுமே உண்டு. ஹச்சிடாய் நகமுரா இசையமைக்க, 1961இல் கியூ சகமோட்டோ பாடினார். 'மேல்நோக்கி நடப்பேன்' என்பதே தலைப்பின் பொருள்.

பிரித்தானிய இசைத்தட்டு நிறுவனம் ஒன்று, அத்தலைப்பு மேலைநாட்டார் நாவில் நுழையாது எனக் கருதி, 'சுகியாகி' என்று பெயர் மாற்றியது. அது மாட்டிறைச்சியைச் சோயாச் சாற்றில் வேகவைக்கும் ஓர் உணவு! வேற்று நாட்டில் தம் பெயரின் பாதியை மட்டுமே பிறர் வாயில் கேட்டுப் பழகிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் அதே பெயரில் வெளியாகி, 1963 ஜூன் 15 தேதியிட்ட பில்போர்டு பட்டியலில் முதலிடம் பெற்றது. மூன்று வாரம் அங்கேயே நின்றது. அம்மாணவி இறந்து சரியாக மூன்று ஆண்டுகள். வெறும் தற்செயல்தான், ஆனால் அமெரிக்காவுக்கு எதிராகத் தோற்றவர்களின் அழுகையை அமெரிக்கரே விரும்பி வாங்கினர் என்பது தற்செயலன்று. பாட்டின் உண்மை மொழியைக் கடந்து அவர்களையும் தொட்டிருக்கிறது. கேட்டவர்களை நான் குறை கூறவில்லை, பெயரிட்டவர்களையும் எழுதியவர்களையுமே கூறுகிறேன்.

ஏனெனில் மேலைநாட்டுத் தொகுப்புகள் சகமோட்டோவை 'ஒரே வெற்றி கண்டவர்' என்ற வரிசையில் வைத்துவிட்டன. ஜப்பானில் அவர் பல வெற்றிப் பாடல்களைப் பாடியவர். திரையிலும் தொலைக்காட்சியிலும் வீடுதோறும் அறியப்பட்டவர். 1985 ஆகஸ்ட் 12 அன்று 520 பேரைப் பலிகொண்ட விமான விபத்தில் அவரும் மாண்டார்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1981இல், அமெரிக்கக் குழு ஒன்று அவ்விசைக்கு ஆங்கிலத்தில் காதற்பிரிவு வரிகளை எழுதிப் பாடியது. அதுவும் பட்டியலில் மூன்றாமிடம் வரை ஏறியது. அப்பாடலின் பெயரும் 'சுகியாகி'தான்.