சர்ப்பகந்தாவும் உளச்சோர்வு ஆய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

மரபுவழி மூலிகைகளுக்கு உளச்சோர்வைப் போக்கும் ஆற்றல் உண்டா என மிருகங்களிற் சோதித்தறியும் முயற்சி இன்று தெற்காசிய ஆய்வுகூடங்களிற் பெருவழக்காகிவிட்டது. இச்சோதனை முறைகளின் தோற்றத்திலேயே மரபுவழி மூலிகையொன்று இடம்பெற்றிருந்தமை மனங்கொளத்தக்கது.

பீகார் மக்களிடையே 'பாகல் கீ தவா', அதாவது பைத்திய மருந்து, என வழங்கிய சர்ப்பகந்தா வேரைச் சித்தப்பிரமைக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்தாக 1931இல் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் ஆங்கிலத்தில் எழுதினர். அதே ஆண்டில் தில்லியிற் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி அவ்வேரிலிருந்து அஜ்மலின் முதலிய அற்கலொயிட்டுகளைப் பிரித்தறிந்தார். 1949இற் பம்பாய் மருத்துவர் வக்கீல் பிரித்தானிய ஆய்விதழொன்றிற் கட்டுரை வெளியிட்ட பின்னர் மேலைநாட்டார் கவனம் இதன்பாற் குவிந்தது. 1952இற் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் ரிசேர்ப்பினைப் பிரித்தெடுத்தனர். மக்களின் பொது அறிவாயிருந்த வேர் சந்தைப் பண்டமாயிற்று.

ரிசேர்ப்பின் ஏற்றப்பட்ட முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. 1955இல் அமெரிக்காவிற் புரோடி குழுவினர், அது உடலிலுள்ள செரொற்றொனினை வெளியேற்றுவதைக் கண்டனர். 1957இற் சுவீடனிற் கார்ல்சன் எல்-டோபா கொடுத்து அவ்வசைவின்மையை நீக்கினார். நாளடைவில் அந்த அசைவின்மையே உளச்சோர்வின் மாதிரியாகவும், அதனை நீக்கும் பொருளே உளச்சோர்வு மருந்தாகவும் கொள்ளப்பட்டன. ஆயின், 1955இல் இலண்டனில் டேவிஸும் ஷெப்பேர்டும் 54 நோயாளரிடம் நடத்திய ஆய்வில், பதற்றமும் சோர்வும் உற்றோருக்கு ரிசேர்ப்பின் பயன்பட்டமை தெரியவந்தது. அம்முடிவு நெடுங்காலம் பொருட்படுத்தப்படவில்லை. மருந்துற்பத்திக்கு விரைவானதோர் அளவுகோல் வேண்டியிருந்தது. அதனை முயல் வழங்கியது.

1977இற் போர்சோல்ட் அறிமுகப்படுத்திய முறையில், நீருருளையில் விடப்பட்ட எலி நீந்துவதைக் கைவிட்டு மிதக்கும் நேரம் அளக்கப்படுகிறது. அமுக்கரா, வல்லாரை முதலியன இவ்வளவுகோலாலும் சோதிக்கப்பட்டுள்ளன.

இத்தகைய முடிவுகளைப் பழம்பெருமைக்குச் சான்றாக்குவோர், தாம் நிராகரிப்பதாகக் கூறும் மேலை ஆய்வுகூடத்திடமே நற்சான்று பெறுகின்றனர். மூலிகை அறிவை மூடநம்பிக்கையென ஒதுக்குவோரோ அவ்வாய்வுகூட அறிவின் தோற்றுவாயை மறக்கின்றனர். அளக்கப்படுவது யாது என்பதே இருசாராரும் எழுப்பாத வினா. எலியின் மிதப்பு ஒரு பொருளின் செயற்பாட்டை உணர்த்தலாம். வேலையின்மையும் கடனும் போரும் மனிதரிடத்து விளைவிக்கும் சோர்வை அது உணர்த்தாது. இதனாற் சோதனை வேண்டாமென்பது எமது கருத்தன்று. மூலிகையோடு அதனைப் பேணிய மக்களின் அனுபவமும், மருந்தை நாடும் மனிதரின் சமூக வாழ்வும் ஆய்வுப் பொருளாதல் வேண்டும். அவ்வாறு அமையும்போதே அவ்வாய்வு முழுமைபெறும்.