நோயாளிப் பதிவை யார் வாசிக்கிறார்கள்? பிரிட்டிஷ் குடும்ப மருத்துவத்தில் மின்பதிவின் வரலாறு

1996-ஆம் ஆண்டிலேயே பிரிட்டனின் குடும்ப மருத்துவ நிலையங்களில் 96 விழுக்காடு கணினி வைத்திருந்தன. அதே காலத்தில் அந்நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் நோயாளிகளின் காகிதக் கோப்புகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி வார்டுக்கு வார்டு கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். பணமும் ஆள்பலமும் மருத்துவமனைகளிடம் அதிகம். இரண்டு மூன்று மருத்துவர்கள் சேர்ந்து நடத்தும் சிறு நிலையங்கள் எப்படி முந்திக்கொண்டன? டிம் பென்சன் 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரு பகுதிகளாக எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. மருத்துவர்களுக்குக் கிடைத்த ஊக்கத்தொகையையும், சிறிய அமைப்பில் சரியாக இயங்குவதைப் பெரிய அமைப்புக்கு விரிப்பதிலுள்ள சிக்கலையும் அவர் காரணங்களாகக் காட்டினார். அவருடைய விளக்கம் வலுவானது. ஆனால் கணினியை யார் வாங்கினார்கள், ஏன் வாங்கினார்கள் என்பதோடு அது நின்றுவிடுகிறது. கணினி வந்த பிறகு பதிவுக்குள் எழுதப்பட்டது என்ன, அதை யார் வாசித்தார்கள் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. வாசிப்பவர் மாறும்போதெல்லாம் குடும்ப மருத்துவரின் குறிப்பு உருமாறியது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த மாற்றம் கணினிக்கு முன்பே தொடங்கிவிட்டது.

நிதியமைச்சர் டேவிட் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த 1911-ஆம் ஆண்டின் தேசியக் காப்புறுதிச் சட்டம், குறைந்த வருமானமுள்ள தொழிலாளர்களுக்கு மருத்துவக் கவனிப்பை உறுதிசெய்தது. தொழிலாளர் ஒவ்வொருவரும் ஒரு மருத்துவரின் பட்டியலில் பெயர் பதிந்துகொள்வார். அவருடைய மருத்துவக் குறிப்புகள் ஏறத்தாழ 7 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் கொண்ட பழுப்பு நிற உறையில் இருக்கும். 'லாயிட் ஜார்ஜ் உறை' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 1948-இல் தேசிய நலவாழ்வுப் பணியான என்.எச்.எஸ். தொடங்கியபோது இந்த ஏற்பாடு முழு மக்கள்தொகைக்கும் விரிந்தது. ஒருவர் ஊர் மாறிப் புதிய மருத்துவரிடம் பெயர் பதிந்தால் உறையும் அவர் பின்னாலேயே போய்ச் சேரும். பிறந்தது முதல் இறப்பு வரை ஒருவருக்கு ஒரே பதிவு என்ற இந்த வசதி அமெரிக்கா போன்ற நாடுகளில் இருக்கவில்லை. பிற்காலத்தில் பிரிட்டிஷ் மின்பதிவு உலக ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்ததற்கு அடித்தளம் மென்பொருள் அல்ல, பட்டியலும் உறையும்தான்.

உறைக்குள் இருந்த அட்டைகள் குறுகலானவை. தேதி, இரண்டு மூன்று சொல்லில் நோய், கொடுத்த மருந்து, அவ்வளவுதான் ஒரு வரியில் அடங்கும். தேதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. நோயாளி நேரில் வந்தால் 'ஏ', மருத்துவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் 'வி', வேலைக்கான சான்றிதழ் கொடுத்தால் 'சி' என்று அதில் குறிக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து வரும் கடிதங்கள் உறையின் அளவைவிடப் பெரியவை என்பதால் அவற்றை மடித்து மடித்துத் திணிப்பார்கள். நாள்பட்ட நோயாளியின் உறை ஒரு விரற்கடை தடிமனுக்கு உப்பி, ஓரம் கிழிந்து, ரப்பர் வளையத்தோடு அலமாரியில் இருக்கும். அந்தக் குறிப்புகள் மருத்துவர் தம் நினைவுக்காக எழுதிக்கொண்டவை. கையெழுத்து அவருக்குப் புரிந்தால் போதும். இருந்தாலும் அந்தச் சின்னக் கட்டம் அரசு நிர்வாகம் கேட்ட கேள்விக்கான பதில். மருத்துவரின் அந்தரங்கக் குறிப்பேட்டில் வெளியாளின் கண் முதல் நாளிலிருந்தே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

தம் குறிப்புகளைத் தாமே ஆய்வாளராக இருந்து வாசித்த மருத்துவர்களும் இருந்தார்கள். யார்க்ஷயரின் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் பணியாற்றிய வில்லியம் பிக்கிள்ஸ், எந்தக் கிராமத்தில் யாரிடமிருந்து யாருக்குத் தொற்று பரவியது என்பதை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்து 1939-இல் நூலாக வெளியிட்டார். வேல்ஸின் கிளின்காரக் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1960-களின் இறுதியில் தம் பட்டியலிலிருந்த மக்கள் அனைவருடைய ரத்த அழுத்தத்தையும் அளக்க முனைந்தார். நோயென்று வராதவர்களையும் பட்டியலைப் பார்த்துத் தேடிப் பிடித்தார். வந்தவரைப் பற்றி மட்டுமே பேசும் பதிவைக் கொண்டு வராதவரைக் கண்டுபிடிப்பது பெரிய திருப்பம். கணினி பின்னர் செய்த வேலையின் சாரம் அதுவே. டியூடர் ஹார்ட் அதைக் காகிதத்திலும் பேனாவிலும் செய்து காட்டினார்.

1970-இல் எக்ஸிட்டர் நகர மருத்துவர் ஜான் பிரீஸ், நோயாளியைப் பார்க்கும் அறையிலேயே கணினியைப் பயன்படுத்திய முதல் பிரிட்டிஷ் குடும்ப மருத்துவர் ஆனார். அவரைப் போன்ற சிலரின் ஆர்வம் 1982-இல் அரசின் திட்டமாக மாறியது. தொழில்துறை அமைச்சகம் 'மைக்ரோஸ் ஃபார் ஜிபீஸ்' என்ற திட்டத்தில் ஏறத்தாழ 150 நிலையங்களுக்குக் கணினி வாங்க உதவியது. அந்த இயந்திரங்களின் முதல் பயன் மிகச் சாதாரணமானது. ரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ மாதாமாதம் அதே மருந்து வாங்குவோருக்கு வரவேற்பாளர் கையால் மருந்துச் சீட்டு எழுதி மருத்துவரிடம் கையொப்பம் வாங்க வேண்டியிருந்தது. அச்சுப்பொறி அந்தச் சுமையைக் குறைத்தது. கணினியின் வெற்றி அறிவியலால் அல்லாமல் வரவேற்பு மேசையின் கைவலியால் தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை.

லஃபர்பரோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ரீட் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய குறியீடுகள்தாம் பதிவின் மொழியையே மாற்றின. அன்றைய சிறு கணினிகளின் நினைவகம் மிகக் குறைவு. 'ஆஸ்துமா' என்று ஒவ்வொரு முறையும் எழுத்தில் சேமிப்பது வீண். ரீட் ஒவ்வொரு நோய்க்கும் அறிகுறிக்கும் சில எழுத்தெண்கள் கொண்ட குறியீடு கொடுத்தார். 'எச்' என்றால் சுவாச மண்டல நோய்கள், 'எச்3' நீண்டகாலச் சுவாச அடைப்பு நோய்கள், 'எச்33' ஆஸ்துமா. 'சி10' நீரிழிவு, 'ஜி20' உயர் ரத்த அழுத்தம். ஒவ்வோர் எழுத்தும் கூடும்போது பொருள் குறுகிக்கொண்டே போகும். இதனால் இடம் மிச்சமானது மட்டுமல்ல, எண்ணவும் முடிந்தது. 'இந்த நிலையத்தில் நீரிழிவுள்ளோர் எத்தனை பேர்?' என்ற கேள்விக்கு ஆயிரக்கணக்கான உறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. விடை சில நொடிகளில் திரையில் வந்தது. 1990-இல் அரசு இக்குறியீடுகளின் உரிமையை வாங்கியது. 2018-இல் ஸ்னோமெட் சிடி என்ற பன்னாட்டுக் குறியீட்டு முறை அவற்றின் இடத்துக்கு வரும்வரை குடும்ப மருத்துவம் ரீட் வகுத்த இந்த மொழியில்தான் பேசியது. குறியீட்டுக்குள் அடங்காததற்கு, 'கணவர் இறந்ததிலிருந்து தூக்கமில்லை, மகனோடு பேச்சில்லை' என்பது போன்ற விவரங்களுக்கு, தனி உரைக்கட்டம் இருந்தது. ஆனால் எண்ணுகிறவருக்கு அது கண்ணில் படாது.

எண்ணிக்கைக்கு விலை உண்டு என்பதை நிறுவனங்கள் விரைவில் கண்டுகொண்டன. 1987-இல் வாம்ப், ஏஏஎச் மெடிடெல் ஆகிய இரு நிறுவனங்கள் மருத்துவர்களுக்குக் கணினியை ஏறத்தாழ இலவசமாகவே கொடுத்தன. பதிலுக்கு நோயாளிகளின் பெயர் நீக்கிய தரவுகளை வாங்கி மருந்து நிறுவனங்களுக்கு விற்பது அவர்களின் திட்டம். வணிகமாக அது நிலைக்கவில்லை. ஆனால் தரவு தரமாக இருக்க வேண்டும் என்பதற்காக மருத்துவர்கள் ஒழுங்காகப் பதியப் பழகியிருந்தார்கள். வாம்ப் திரட்டிய தரவுத்தளம் 1990-களில் அரசின் கைக்கு வந்து பொது மருத்துவ ஆய்வுத் தரவுத்தளமாக வளர்ந்தது. எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருப்பதாகப் பரவிய அச்சத்தை ஆராய்ந்து, அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை என்று 2004-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இந்தத் தரவுகளைக் கொண்டே செய்யப்பட்டது. மருந்து விற்பனைக்காகத் தொடங்கிய ஒன்று குழந்தைகளைக் காக்கும் சான்றாக மாறியதை நான் இவ்வரலாற்றின் மகிழ்ச்சியான பக்கமாகவே கருதுகிறேன்.

1990-ஆம் ஆண்டின் புதிய பணி ஒப்பந்தம் கணினி இல்லாத மருத்துவரை ஓரத்துக்குத் தள்ளியது. தடுப்பூசியில் 90 விழுக்காடு, கருப்பை வாய்ப் பரிசோதனையில் 80 விழுக்காடு என்ற இலக்கை எட்டினால்தான் முழுத் தொகை. யார் போட்டுக்கொள்ளவில்லை என்று தெரியாமல் விழுக்காட்டைக் கணக்கிட முடியாது. கணினிச் செலவில் ஒரு பகுதியை அரசே ஏற்றது. 2000 அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டு, காகிதம் இல்லாமல் மின்பதிவை மட்டும் வைத்துக்கொள்ளவும் அனுமதி வந்தது.

அதே 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹைட் நகரக் குடும்ப மருத்துவர் ஹரால்ட் ஷிப்மன் 15 நோயாளிகளைக் கொன்ற குற்றத்துக்குத் தண்டனை பெற்றார். கொலைக்குப் பிறகு கணினியில் உட்கார்ந்து, இறந்தவருக்கு முன்பே இதய நோய் அறிகுறிகள் இருந்ததாகப் பழைய தேதியிட்டுப் பதிவுகளை நுழைத்திருந்தார். ஒவ்வொரு பதிவும் உண்மையில் எந்த நாள், எந்த நேரத்தில் தட்டச்சு செய்யப்பட்டது என்பதைக் கணினி தனியே சேமித்துவைத்திருந்தது. அந்தத் தடம் நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான முக்கியச் சான்றாயிற்று. காகித அட்டையில் இவ்வளவு துல்லியமாக அவரைப் பிடித்திருக்க முடியாது. அவருடைய நிலையத்தின் பொறுப்பை ஏற்ற அமீர் ஹன்னான், சிதைந்த நம்பிக்கையை மீட்க நோயாளிகளுக்கே பதிவைத் திறந்துகாட்டும் முறையைப் பின்னர் முன்னெடுத்தார்.

2004-இல் வந்த 'தர, விளைவு அளவீட்டுத் திட்டம்' குடும்ப மருத்துவரின் அன்றாடத்தை மிக ஆழமாக மாற்றியது. க்யூஓஎஃப் என்றே அதைச் சொல்வார்கள். 146 அளவுகோல்கள், மொத்தம் 1,050 புள்ளிகள், புள்ளிக்குப் பணம். ரத்த அழுத்தம் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு அது 150/90 அளவுக்குள் இருக்கிறது, நீரிழிவுள்ளவரின் பாதங்களைப் பரிசோதித்தார்களா என்பன போன்ற கேள்விகளுக்குக் கணினியிலிருந்து தானாகவே விடை எடுக்கப்பட்டது. முதலாண்டிலேயே நிலையங்கள் சராசரியாக 91 விழுக்காட்டுப் புள்ளிகளைப் பெற்றுவிட்டன. நாள்பட்ட நோய்க் கவனிப்பு ஒழுங்குபட்டதை மறுக்க முடியாது. ஆனால் ஆலோசனை அறையில் மூன்றாவது ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலியென்று வந்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் ஓரத்தில் 'புகைப்பழக்கம் கேட்கப்படவில்லை' என்ற நினைவூட்டல் எழும். மருத்துவரின் பார்வை நோயாளியிடமிருந்து நழுவித் திரைக்குப் போகும். அதைக் கண்ட நோயாளி பேச்சை நிறுத்திக் காத்திருப்பார். டெபோரா ஸ்விங்கில்ஹர்ஸ்ட், டிரிஷ் கிரீன்ஹால் முதலானோர் ஆலோசனைகளைக் காணொளியில் பதிந்து ஆய்ந்தபோது, மின்பதிவு வெறும் கருவியாக நிற்காமல் உரையாடலின் போக்கிலேயே கலந்துகொள்வதைக் காட்டினார்கள். பத்து நிமிடச் சந்திப்பில் யாருடைய கேள்விக்கு முதலிடம் என்பது சின்ன விஷயம் அல்ல. ஸ்காட்லாந்து 2016-இல் இத்திட்டத்தையே கைவிட்டது.

மைய அரசு பதிவுகளை மொத்தமாகத் திரட்ட முயன்றபோது மக்கள் முரண்டினார்கள். 'கேர்.டேட்டா' திட்டத்தை விளக்கும் துண்டறிக்கைகள் 2014-இன் தொடக்கத்தில் இங்கிலாந்து வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. தரவு யாருக்குப் போகும் என்பதில் தெளிவில்லை என்று மருத்துவர்களும் நோயாளிகளும் எதிர்த்ததால் பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டு 2016-இல் மூடப்பட்டது. 2021-இல் வேறு பெயரில் வந்த முயற்சிக்கும் அதே கதிதான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் விலகல் படிவம் கொடுத்தார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே, 2020-இன் பெருந்தொற்றில், பென் கோல்டேக்கர் குழுவின் ஓபன்சேஃப்லி வேறு வழி காட்டியது. 1.7 கோடிப் பேரின் பதிவுகளை அவை இருந்த இடத்திலேயே விட்டு, ஆய்வு நிரலை மட்டும் அங்கே அனுப்பி இயக்கி, கோவிட் இறப்பின் காரணிகளை அக்குழு கணக்கிட்டது. யார் எந்தக் கணக்கை இயக்கினார்கள் என்பது வெளிப்படையாகப் பதிவானது. ஆய்வாளர் வாசிக்கட்டும், ஆனால் எதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம் என்ற இந்த ஏற்பாடே மக்கள் நம்பிக்கைக்கு உகந்தது என்பது என் கருத்து.

கடைசியாக வந்த வாசகர், முதலில் வந்திருக்க வேண்டியவர். 1991 முதல் நோயாளி தம் பதிவைக் கேட்டுப் பெறச் சட்ட உரிமை இருந்தும், நடைமுறையில் விண்ணப்பம், காத்திருப்பு, நகல் என்று அலைச்சலாக இருந்தது. 2023 அக்டோபர் இறுதிக்குள் புதிய பதிவுகள் முழுவதையும் நோயாளி கைபேசிச் செயலியில் பார்க்க வழிசெய்ய வேண்டும் என்று இங்கிலாந்து ஒப்பந்தம் விதித்தது. இதனால் மருத்துவர் தம் சுருக்கெழுத்துகளைக் கைவிட்டு முழுச் சொற்களில் எழுத வேண்டியிருக்கிறது. 'புற்றுநோயாக இருக்கலாமோ' என்ற ஐயத்தை நோயாளியிடம் வாயால் சொல்லாமல் எழுதிவைக்க முடியாது. கணவனிடம் அடிபட்டு வந்த பெண்ணின் பதிவில் சிக்கல் இன்னும் கூர்மை. மருத்துவர் நடந்ததை எழுதியாக வேண்டும். நாளை நீதிமன்றத்துக்கு அது சான்று. அதே கணவன் அவள் கைபேசியை வாங்கிப் பார்த்தால் அவள் உயிருக்கு ஆபத்து. அதனால் குறிப்பிட்ட பதிவுகளைச் செயலியில் தெரியாமல் மறைக்கும் வசதியை மென்பொருள்கள் வைத்திருக்கின்றன. ஆலோசனை முடிந்து, அடுத்தவர் கதவருகே காத்திருக்கும் நேரத்தில், இந்தப் பத்தி யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக்கூடாது என்பதை மருத்துவர் ஒவ்வொரு முறையும் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.