டாலாவில் கோயில்கள் எழுந்த காலம்

டப்ளினுக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது டாலா. 1950களில் சில நூறு பேர் வாழ்ந்த கிராமம் அது. 2022 கணக்கெடுப்பில் மக்கள்தொகை எண்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

புறநகராக அது புதிது. ஆனால் வழிபாட்டுத் தலமாக மிகப் பழையது. எட்டாம் நூற்றாண்டில் புனித மேல் ருவான் அங்கே ஒரு மடத்தை நிறுவினார். சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் அந்த இடம் ஆங்கிலிக்கன் திருச்சபையின் வசமானது. 1829இல் கட்டிய அவர்களது கோயிலும் அதன் அருகே இடைக்கால மணிக்கோபுரமும் இன்றும் அங்கே நிற்கின்றன. கத்தோலிக்கத் தரப்பில் டொமினிக்கன் சபைத் துறவிகள் 1850களில் வந்து மடம் அமைத்தார்கள். மறையுரைக்குப் பேர்போன டாம் பர்க் அடிகளார் 1883இல் அங்கேதான் காலமானார். மடத்தை ஒட்டிய மரியன்னை கோயில் அவர் நினைவைத் தாங்கியது.

1967இல் வெளியான மைல்ஸ் ரைட்டின் திட்டம் இந்த அமைதியைக் கலைத்தது. டப்ளினின் நெரிசலைக் குறைக்க மேற்குப் புறத்தில் புதுநகரங்கள் வேண்டும் என்றது திட்டம். டாலா அவற்றில் ஒன்று. ஸ்பிரிங்ஃபீல்டு, ஜாப்ஸ்டவுன், கில்லினார்டன், ஃபெட்டர்கேர்ன் என வயல்வெளிகள் குடியிருப்புகளாயின. வீடுகள் எழுந்த வேகத்துக்கு மற்ற வசதிகள் வரவில்லை. 'தி ஸ்கொயர்' வணிக வளாகம் 1990இல்தான் திறந்தது. மருத்துவமனை 1998இல்தான் வந்தது.

அந்த இடைவெளியை நிரப்பியவை பள்ளிக்கூடமும் பங்குக் கோயிலும். கோயில் எழும்வரை பூசை பள்ளி மண்டபத்தில் நடந்தது. நகரின் பழைய தெருக்களில் உற்றார் உறவினரை விட்டுவந்த இளம் குடும்பங்கள், பக்கத்து வீட்டாரை முதன்முதலில் அறிந்துகொண்ட இடங்களில் அதுவும் ஒன்று. குழந்தைகளின் திருமுழுக்கும் புதுநன்மையும் தெருவுக்கே விழாவாயின. வாராந்தர உறைக் காணிக்கை, குலுக்கல் சீட்டு, பிங்கோ ஆட்டம் ஆகியவற்றில் சேர்ந்த பணம் கட்டடக் கடனுக்குப் போனது. வசதியான பங்குகள் புதிய பங்குகளின் சுமையைத் தாங்கும்படி மறைமாவட்டம் 'ஷேர்' என்ற காணிக்கையையும் ஏற்படுத்தியது. சொந்த வீட்டுக் கடனோடு ஊர்க் கோயிலின் கடனையும் சுமந்த அந்த மக்களின் உழைப்பை மறந்துவிட்டு இப்புறநகரின் கதையைச் சொல்ல முடியாது.

எவ்வளவு பெரிதாகக் கட்டுவது? 1940 முதல் 1972 வரை பேராயராயிருந்த ஜான் சார்லஸ் மெக்வெய்டின் காலத்தில் டப்ளின் மறைமாவட்டத்தில் ஏறக்குறைய எண்பது கோயில்கள் எழுந்தன. டப்ளினின் மற்றொரு புறநகரான ஃபிங்லஸ் மேற்கில் 1967இல் கட்டிய மங்களவார்த்தை மாதா கோயில் 3,500 பேரை ஏற்கும் அளவுடையது. ஞாயிறு தவறாமல் பூசை காண்போர் பத்தில் ஒன்பது பேர் என்ற நாட்டில் அது மிகையாகத் தெரியவில்லை.

அடுத்த பத்தாண்டில் பார்வை மாறியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்களைப் பீடத்தின் அருகே அழைத்தது, பணமும் இறுக்கமானது. சிக்கனமான கோயில்களுக்காக 1976இல் மறைமாவட்டம் ஒரு கட்டடக்கலைப் போட்டி நடத்தியது. டாலாவை அடுத்த ஃபர்ஹவுஸில் 1979இல் டி பிளாக்கம், மெகர் என்ற கட்டடக்கலைஞர் இணை எழுப்பிய கார்மேல் மாதா கோயில் அதன் விளைவு. உயர்ந்த காங்கிரீட் மதிலுக்குள் தாழ்வான சிலுவை வடிவக் கூடம், கண்ணாடிச் சுவர்கள், மரங்கள் நிற்கும் முற்றங்கள். நெடிய கோபுரம் இல்லாமலே அது மனதைக் கவர்கிறது.

பின்னர் கூட்டம் கரைந்தது. குருக்கள் சிறாருக்கு இழைத்த கொடுமைகளையும் மேலிடம் அவற்றை மூடிமறைத்ததையும் 2009இல் மர்ஃபி அறிக்கை அம்பலமாக்கியது. அந்த வஞ்சனை பலரின் நம்பிக்கையை உடைத்தது. 2011இல் டப்ளினில் வாரந்தோறும் பூசைக்கு வந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 14 பேர். கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் சேர்வதற்குத் திருமுழுக்கை முன்னுரிமையாக்கும் வழக்கத்தை 2018 சட்டம் நீக்கியது. ஃபிங்லஸின் பெருங்கோயிலை 2021இல் இடித்தார்கள். அந்த நிலத்தில் சிறிய கோயிலும் முதியோர் வீடுகளும் கட்டத் திட்டமிட்டார்கள்.

இதற்கிடையே டப்ளின் மருத்துவமனைகளுக்குச் செவிலியராக வந்த கேரளத்தவர் குடும்பங்களோடு புறநகர்களில் வேரூன்றினார்கள். பழைய பங்குக் கோயில்களில் இப்போது மலையாளத்தில் சீரோ மலபார் பூசை நடக்கிறது, மறைக்கல்வி வகுப்புகள் நடக்கின்றன. உறவினரை விட்டுவந்து புதிய தெருவில் குடியேறிய இளம் பெற்றோருக்கு, அக்கம்பக்கத்தாரை அறிந்துகொள்ள ஒரு கூடம் இன்றும் தேவைப்படுகிறது.