பதினோரு கிலோ

வீட்டுக்கும் ஆபீஸுக்கும் சேர்த்து ஒரே லேப்டாப், எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக்கூடாது. இந்த ஒரே நிபந்தனையோடுதான் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட எதை வாங்குவது என்பது பின்னால் போய், இந்தக் கிலோ கணக்கு எங்கே தொடங்கியது என்ற கேள்வி முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. அது கொண்டுபோய் நிறுத்திய இடம் திருவண்ணாமலை.

ரமண மகரிஷி பற்றிக் கொஞ்சம் படித்தவர்களுக்கு ஆர்தர் ஆஸ்பர்ன் என்ற பெயர் தெரிந்திருக்கும். மகரிஷியின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதியவர். ரமணாசிரமத்தின் ‘மவுண்டன் பாத்’ இதழை 1964-ல் தொடங்கி நடத்தியவர். அதற்கு முன்னால் பாங்காக்கில் ஆங்கிலப் பேராசிரியர். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் மனைவியும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் இருந்தார்கள், அவர் தாய்லாந்தில் ஜப்பானியர்களின் முகாமில் அடைபட்டுக் கிடந்தார். 1939-ல் பாங்காக்கில் பிறந்த அவருடைய மகன் ஆடம் அப்படித்தான் அருணாசல மலையடிவாரத்துப் பிள்ளையாக வளர்ந்தான். பள்ளிக்கூடம் கொடைக்கானலில். 1950-ல் இங்கிலாந்துக்குப் போய், பிறகு அமெரிக்காவில் வேதிப் பொறியியலில் டாக்டர் பட்டம் வாங்கி, ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்து, அதையும் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் புத்தகங்கள் எழுதவும் வெளியிடவும் இறங்கினார்.

இந்த ஆடம் ஆஸ்பர்ன்தான் 1981 ஏப்ரலில், சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கண்காட்சியில் ‘ஆஸ்பர்ன் 1’ஐக் கொண்டுவந்து வைத்தவர். வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். ஆளுக்கொன்று வாங்குகிற மாதிரி விற்பனைக்கு வந்து வெற்றிகரமாக ஓடிய முதல் தூக்குக் கம்ப்யூட்டர் என்று அதைச் சொல்வார்கள். எடை சுமார் 11 கிலோ. மூடினால் கைப்பிடி வைத்த தையல் மெஷின் பெட்டி மாதிரியே இருக்கும். திரை 5 அங்குலம், ஒரு வரிக்கு 52 எழுத்து. விமான சீட்டுக்கு அடியில் நுழையும் அளவு, அதுதான் பெருமை. பேட்டரி கிடையாது. அதாவது ஒரு பிளக்கிலிருந்து கழற்றித் தூக்கிப்போய் இன்னொரு பிளக்கில் மாட்டுகிற ‘போர்ட்டபிள்’. நம்ம ஊர்க் கரண்ட்டில் அது என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஆனாலும் மாதத்துக்குப் பத்தாயிரம் பெட்டி வரை விற்றது. காரணம் எடை இல்லை, விலை. 1,795 டாலருக்கு மெஷினோடு வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க், பேசிக் எல்லாம் சேர்த்தே கொடுத்தார். போதுமான அளவு இருந்தால் போதும், மற்றதெல்லாம் தேவையில்லை என்பது அவர் கொள்கை. மலையடிவாரத்தில் கேட்டு வளர்ந்தது வியாபாரத்தில் வந்து சேர்ந்ததா என்று கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது என் ஆசை, வரலாறு இல்லை.

1983 செப்டம்பரில் கம்பெனி திவால். அடுத்த மாடல் வரப்போகுது என்று முன்கூட்டியே சொன்னதால் பழையதை வாங்க ஆளில்லாமல் போனது என்பது பிரபலமான கதை. அதற்கு ‘ஆஸ்பர்ன் விளைவு’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். முழுக் காரணம் அது இல்லை என்பவர்களும் உண்டு. கேப்ரோ என்கிற போட்டிக் கம்பெனி அதே 1,795 டாலருக்கு 9 அங்குலத் திரையோடு வந்து நின்றதே, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

இதில் வேடிக்கை, எடை குறைந்த கம்ப்யூட்டர் அந்த 1983-லேயே வந்துவிட்டது. ஜப்பானின் கியோசெரா செய்து அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகளில் விற்ற டிஆர்எஸ்-80 மாடல் 100. சுமார் 1.4 கிலோ. நாலு பென்சில் பேட்டரி போட்டால் இருபது மணி நேரம் ஓடும். திரையில் எட்டே வரிதான், ஆனால் மோடம் உள்ளேயே இருந்தது. பத்திரிகைக்காரர்கள் சம்பவ இடத்திலேயே செய்தியைத் தட்டி, போன் லைன் வழியாக ஆபீஸுக்கு அனுப்பினார்கள். ஆபீஸ் நம்ம பின்னாடியே வர ஆரம்பித்தது அங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

அப்புறம் எடை ஏன் திரும்ப ஏறியது? எல்லாம் வேண்டும் என்று கேட்டதால்தான். பெரிய திரை, ஹார்ட் டிஸ்க், பிளாப்பி டிரைவ். 1989-ல் வந்த ஆப்பிளின் மேக்கின்டாஷ் போர்ட்டபிள் 7.2 கிலோ. உள்ளே இருந்தது லெட்-ஆசிட் பேட்டரி, காரில் இருக்கிற அதே ஈய வகை. இரண்டு வருஷம் கழித்து அவர்களே விட்ட பவர்புக் 100 வெறும் 2.3 கிலோ. அதே 1991-ல்தான் சோனி லித்தியம்-அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நாம் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலேற முடிவதற்கு சிப்புக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்தப் பேட்டரிக்கும் உண்டு. அந்த வேதியியலுக்கு 2019-ல் நோபல் கொடுத்தார்கள், ரொம்பத் தாமதமாக.

2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவினார். 1.36 கிலோ. ஆரம்ப விலை 1,799 டாலர், ஆஸ்பர்ன் 1-ஐ விட நாலே டாலர் அதிகம். 27 வருஷப் பணவீக்கத்தைக் கழித்தால் ஏர்தான் மலிவு. ஆனால் அந்த உறைக்குள் நுழைவதற்காக வெளியே போனவை எவை? சிடி டிரைவ் போனது. நெட்வொர்க் கேபிள் சொருகும் துளை போனது. யூஎஸ்பி ஒன்றே ஒன்று. பேட்டரியை நாமே கழற்றி மாற்ற முடியாது. ரேம் போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்யப்பட்டது. சிடி போனதற்கு யாரும் அழவில்லை, நானும்தான். கடைசி இரண்டும்தான் இன்றுவரை நம்மைப் படுத்துகிறது. மற்ற கம்பெனிகளும் அதே வழிக்கு வந்துவிட்டதால், இப்போது மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலானவற்றை வாங்கும் நாளிலேயே ரேம் முடிவாகிவிடுகிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடைக்கு எடுத்துப்போனாலும், “இதுல போட ஸ்லாட்டே இல்லையே சார்” என்று கையை விரிப்பார்கள்.

இன்னொன்று, கம்பெனிகள் எடை என்று எழுதுவதில் சார்ஜர் சேராது. பையில் போகும்போது சேரும். யூஎஸ்பி-சி சார்ஜிங் இருந்தால் போன் சார்ஜரையும் லேப்டாப் சார்ஜரையும் ஒன்றாக்கலாம், அது 100 கிராம் குறைந்த மாடல் தேடுவதை விட லாபம். வீட்டிலும் ஆபீஸிலும் ஆளுக்கொரு சார்ஜர் வைத்துவிட்டால் பை இன்னும் லேசு.

எனக்கு உறுத்துவது வேறு. ஆஸ்பர்ன் 1-ஐ ஆபீஸிலிருந்து வீட்டுக்குத் தூக்கிவர ஒரு காரணம் வேண்டும், தோள் வலிக்கும். 1.2 கிலோவுக்குக் காரணமே தேவையில்லை, அது தானாகவே பையில் ஏறி வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் “ஒரு அஞ்சு நிமிஷம் பாத்துடுங்க” என்று மேனேஜர் மெசேஜ் அனுப்ப முடிவது அதனால்தான். எடை குறைந்ததில் மிச்சமான உழைப்பு நமக்கா வந்தது, ஆபீஸுக்குப் போனதா?

ஆஸ்பர்ன் அதற்கப்புறம் பேப்பர்பேக் சாஃப்ட்வேர் என்று ஒன்று தொடங்கி, லோட்டஸ் போட்ட வழக்கில் 1990-ல் தோற்றார். 1992-ல் உடல்நிலை கெட்டு இந்தியா திரும்பினார். சின்ன வயதில் படித்த அதே கொடைக்கானலில் சகோதரி வீட்டில் இருந்து, 2003 மார்ச் 18 அன்று காலமானார். ஏர் வெளிவர இன்னும் ஐந்து வருஷம் இருந்தது.

நான் கடைசியில் முடிவு செய்தது 14 அங்குலம், 1.4 கிலோ. ஒரு கிலோவுக்குக் கீழேயும் ஒன்று இருந்தது, கையில் எடுத்தால் நோட்டுப் புத்தகம் மாதிரி. ஆனால் அதில் 8 ஜிபி ரேம், அதுவும் சால்டர். 1.4 கிலோவில் 16 ஜிபி, கூட ஒரு காலி ஸ்லாட், எஸ்எஸ்டியைக் கழற்றி மாற்றலாம், பின்மூடி சாதாரண ஸ்க்ரூதான். ஆபீஸ் கணக்கை அதில் ஏற்றப்போவதில்லை. ஆபீஸ் கொடுத்த இரண்டரைக் கிலோ பெட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் லாக்கரிலேயே தூங்கட்டும். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ஒரே லேப்டாப் என்ற நிபந்தனை அதோடு போச்சு.